எழுந்திருக்காமல் படம் பார்ப்பதற்கான வழிமுறைகள்

ராஸ்பெரி பை வாங்கியாயிற்று. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தப் பலகையை டிவியின் முதுகில் டபுள் சைடு டேப் போட்டு ஒட்டியும் ஆயிற்று. கோடி என்ற மென்பொருள் ஏறிவிட்டது. ஹார்டு டிஸ்கில் வருடக்கணக்காகத் தூங்கிய படங்கள் இப்போது போஸ்டரோடு திரையில் வரிசைகட்டி நிற்கின்றன. ஒரே தொல்லை, படத்தை ஓட்டவும் நிறுத்தவும் சோபாவில் ஒரு கீபோர்டும் தலையணைமேல் ஒரு மவுஸும் கிடக்கின்றன. அப்பா மவுஸைத் தொட்டால் அம்புக்குறி திரையின் மூலையில் போய் ஒளிந்துகொள்கிறது. அம்மாவுக்கு ஸ்பேஸ்பார் எதுவென்று சொல்லிக்கொடுத்த அன்று இரவுச் சாப்பாடு கொஞ்சம் அமைதியாகவே நடந்தது. ஆகவே பைக்கு ஓர் அகச்சிவப்பு ரிசீவர் பொருத்தி, ஊர் உலகத்தைப் போல ரிமோட்டால் இயக்குவது என்று முடிவெடுக்கிறீர்கள்.

நல்ல முடிவு. செலவு நூறு ரூபாயை ஒட்டித்தான் ஆகும். நேரத்தைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

தொடங்குமுன் கண்டிப்பாகச் செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு. டிவியின் செட்டிங்ஸுக்குள் போய் சிஇசி என்று ஏதாவது இருக்கிறதா என்று தேடக்கூடாது. ஹெச்டிஎம்ஐ கேபிளுக்குள் இதற்கென்றே ஒரு கம்பி ஓடுகிறது. டிவி ரிமோட்டில் நீங்கள் அமுக்கும் அம்புக்குறிகளை டிவியே அந்தக் கம்பி வழியாகப் பைக்குச் சொல்லிவிடும். பையும் கோடியும் அதைக் கேட்டுக்கொள்ளத் தயாராகவே இருக்கின்றன. இதற்கு சாம்சங் எனிநெட் பிளஸ் என்று பெயர் வைத்திருக்கிறது, எல்ஜி சிம்ப்ளிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது. ஆளுக்கொரு பெயர் வைத்து ஒளித்திருப்பதே உங்களைப் போன்ற உழைப்பாளிகளின் ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றத்தான். அதை ஆன் செய்தால் காரியம் அங்கேயே முடிந்துவிடும். உங்களுக்கும் எனக்கும் வேலை இருக்காது. உங்கள் டிவியில் அந்த வசதி இல்லை என்றே வைத்துக்கொண்டு மேலே போவோம். பழைய டிவிகளில் நிஜமாகவே இருக்காது.

ரிமோட் வாங்கத் தேவையில்லை. டிவி ஸ்டாண்டின் இழுப்பறையைத் திறந்து பாருங்கள். டிவிடி பிளேயரைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டிருப்போம். அதன் ரிமோட்டைப் போட்டிருக்க மாட்டோம். கேபிள்காரர் மாற்றிக்கொண்டு போன செட்டாப் பாக்ஸின் ரிமோட், ஸ்பீக்கர் செட்டின் சீட்டுக்கட்டு அளவு ரிமோட், எதனுடையது என்று யாருக்குமே தெரியாத ரிமோட் என்று வம்சமே உள்ளே இருக்கும். இவற்றில் வாங்கிய நாளிலிருந்து பிளாஸ்டிக் உறையும் ரப்பர் பேண்டுமாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். உறையைப் பிரிக்க வேண்டியதில்லை, அகச்சிவப்பு அதைத் தாண்டிப் போய்விடும். பிரித்தால் அப்பாவிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஏசி ரிமோட்டை மட்டும் எடுக்காதீர்கள். மற்ற ரிமோட்டுகள் எந்தப் பட்டன் என்பதை மட்டும் சொல்லும். ஏசி ரிமோட்டோ ஒவ்வொரு தடவையும் வெப்பநிலை, காற்றின் வேகம், குளிரா உலர்வா என்று முழு ஜாதகத்தையும் ஒப்பிக்கும். 24-லிருந்து 23-க்கு இறக்கினால்கூடக் கதை முதலிலிருந்து தொடங்கும். அதில் ‘பாஸ்’ பட்டனுக்கு எதை வைப்பீர்கள்?

அடுத்து, ரிமோட்டுக்கு உயிர் இருக்கிறதா என்ற சோதனை. முதலில் பாரம்பரிய முறைகள்: உள்ளங்கையில் நாலு தட்டு, பின்மூடியைக் கழற்றிப் பேட்டரியைக் கட்டைவிரலால் ஓர் உருட்டு, அதற்கும் மசியாவிட்டால் இரண்டு பேட்டரியையும் இடம் மாற்றிப் போடுவது. பிறகு நவீன முறை. ரிமோட்டின் மூக்கில் இருக்கும் எல்இடி பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிர்வது. மனிதக் கண்ணுக்கு அது இருட்டு; செல்போன் கேமராவுக்கு ஊதாவும் வெள்ளையுமாக மினுக்கும் ஒளி. சில போன்களின் பின்பக்கக் கேமராவில் அகச்சிவப்பை வடிகட்டும் கண்ணாடி உண்டு, அதனால் முன்பக்கக் கேமராவைத் திறந்து அதற்கு நேராக ரிமோட்டைப் பிடித்து அமுக்குங்கள். ரிமோட்டோடு ஏன் செல்ஃபி எடுக்கிறாய் என்று யாராவது கேட்டால் இயற்பியல் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

இனி ரிசீவர். சென்னைக்காரர்கள் அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழையலாம். அங்கே இதற்கு டிஎஸ்ஓபி என்று பெயர். கரும்பிளாஸ்டிக்கில் ஒரு குமிழ், கீழே மூன்று கால், அவ்வளவுதான் சாமான்.

“டிஎஸ்ஓபி இருக்காண்ணா?”

“எத்தனை வேணும்?”

“38238 வேணும். 1738 வேண்டாம்.”

“எல்லாம் ஒண்ணுதான் சார். ரிமோட்டுதானே? ஓடும்.”

இந்த இடத்தில் கவனம் வேண்டும். கடைசியில் வரும் 38 என்பது 38 கிலோஹெர்ட்ஸ். ரிமோட் தன் ஒளியை வினாடிக்கு 38,000 தடவை வெட்டி வெட்டி அனுப்புகிறது. சூரியனும் குண்டு பல்பும் கொட்டுகிற அகச்சிவப்புக்கு நடுவே தன் குரலை அடையாளம் காட்ட அதுதான் வழி. அந்தத் தாளத்துக்கு மட்டும் காது கொடுக்கப் பழக்கப்பட்டது டிஎஸ்ஓபி. அதுவரை இரண்டும் ஒன்றுதான், கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் 1738-க்கு 4.5 முதல் 5.5 வோல்ட் வரை தேவை. 38238 இரண்டரை வோல்ட்டிலிருந்தே வேலை செய்யும். பையின் பின்களோ 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காதவை. 1738-க்கு ஐந்து வோல்ட் கொடுத்தால் அது தன் பதிலையும் ஐந்து வோல்ட்டிலேயே சொல்லும், பை அந்தச் சத்தத்தைத் தாங்காது. போதாக்குறைக்குக் கால் வரிசையும் வேறு. குமிழ் உங்களைப் பார்த்திருக்க, 38238-இல் இடமிருந்து வலமாக சிக்னல், கிரவுண்டு, மின்சாரம். 1738-இல் கிரவுண்டு, மின்சாரம், சிக்னல். ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றதை இணைத்தால் குமிழ் சூடாகும். விரல் வைத்துப் பார்த்துச் சுட்டால் இணைப்பு தப்பு என்று பொருள். இந்தச் சோதனைக்கு மல்டிமீட்டர் வேண்டியதில்லை.

கடைக்காரர் 1738-ஐத்தான் கொடுப்பார். வாங்கிக்கொள்ளுங்கள், வாக்குவாதம் வேண்டாம். அடுத்த கடையில் 38238 கேளுங்கள். கூடவே பெண்ணுக்குப் பெண் ஜம்பர் வயர் மூன்று. மூன்றாகத் தர மாட்டார்கள், கட்டாகத்தான் கிடைக்கும். மிச்சம் ஆயுளுக்கும் காணும்.

வயரிங் என்பது மூன்றே மூன்று இணைப்பு. அதில் மனிதர்கள் வழிதவறும் விதம் அலாதியானது. 2014-இல் வந்த பி பிளஸ் மாடலிலிருந்து பையில் நாற்பது பின்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்: பலகையில் அது நிற்கும் இடத்தின் எண் ஒன்று, சிப் அதைக் கூப்பிடும் எண் இன்னொன்று. ரிசீவரின் சிக்னல் போக வேண்டியது ஜிபிஐஓ 18-க்கு. அது நிற்பது பன்னிரண்டாம் இடத்தில். பதினெட்டாம் இடத்தில் நிற்பது ஜிபிஐஓ 24. நம் தெருக்களில் பழைய கதவெண், புதிய கதவெண் என்று இரண்டையும் வாசலில் எழுதி வைத்திருப்பதைப் போலத்தான். கூரியர்காரர் படும் பாட்டை நீங்களும் கொஞ்சம் படுங்கள். 3.3 வோல்ட் முதலாம் இடத்தில். அதை ஒட்டி இரண்டாம் இடத்தில் தோளோடு தோள் நிற்பது ஐந்து வோல்ட். டிவிக்குப் பின்னால் கையை விட்டு, கண்ணால் பார்க்காமல், தடவியே செருகுவதற்கு இதைவிடப் பொருத்தமான மூலை பலகையில் வேறில்லை. கிரவுண்டு ஆறாம் இடத்தில். அது யாரையும் கடிக்காது.

2012 பிப்ரவரி 29 அன்று இந்தப் பலகையை விற்பனைக்கு விட்ட எபென் அப்டனுக்கும் கேம்பிரிட்ஜ் நண்பர்களுக்கும் இருந்த கவலை வேறு. கணினி அறிவியல் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நிரல் எழுதிய பழக்கமே குறைந்துகொண்டு போகிறது, கைச்செலவுக் காசில் வாங்கித் தோண்டிப் பார்க்க அவர்களுக்கு ஒரு கணினி வேண்டும் என்று செய்தது. அது இன்று உங்கள் வீட்டில் சனிக்கிழமை ராத்திரிப் படம் போடுகிறது. பரவாயில்லை, தோண்டும் வேலைதான் இப்போது வரப்போகிறதே.

மென்பொருள் பகுதியில் முதல் விதி: கிடைப்பதிலேயே பழைய குறிப்பைத் தேடி எடுத்து அப்படியே பின்பற்றுவது. அதில் லிர்க்-ஆர்பிஐ என்ற டிரைவரை ஏற்றச் சொல்லியிருக்கும். எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்யுங்கள். ஒன்றும் நடக்காது. 4.19 கெர்னலோடு அந்த டிரைவர் காலாவதியாகிவிட்டது. அதன் இடத்தில் ஜிபிஐஓ-ஐஆர் என்ற ஓவர்லே வந்து வெகுகாலமாயிற்று. ஆனால் பழைய குறிப்பில் இரண்டு மணி நேரம் செலவழிக்காதவருக்குப் புதியதன் அருமை தெரியாது.

அந்த ஓவர்லேயைக் கான்ஃபிக் கோப்பில் ஒரே வரியாக எழுத வேண்டும். கோப்பு எங்கே? பூட் அடைவில் என்று எல்லோரும் சொல்வார்கள். பையின் இயங்குதளத்தில் புக்வார்ம் பதிப்பிலிருந்து அது அதற்குள்ளேயே ஃபர்ம்வேர் என்ற உள்ளறைக்குக் குடிபோய்விட்டது. பழைய முகவரியில் போய்த் திறந்தால், என்னைத் தொடாதே, நான் இடம் மாறிவிட்டேன் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கும். பழைய பதிப்புக்காரர்களுக்கு வேறொரு விருந்து: தேவையான வரியை இயங்குதளம் செய்தவர்களே எழுதி, முன்னால் ஹேஷ் குறி போட்டு முடக்கி வைத்திருப்பார்கள். ஹேஷை எடுத்தால் போதும் என்று மகிழ்ச்சியாக எடுப்பீர்கள். அந்த வரியில் பின் எண் 17 என்று இருக்கும். நீங்கள் வயர் போட்டிருப்பது 18-இல்.

திருத்திச் சேமித்து ரீபூட் செய்தபின் ஐஆர்-கீடேபிள் என்ற கருவியைச் சோதனை முறையில் ஓட்டி, ரிமோட்டை அமுக்குங்கள். திரையில் சலனமே இருக்காது. உடனே ரிசீவரைச் சந்தேகிப்பது எல்லோரும் செய்வது. வயரைக் கழற்றி மாட்டுங்கள், பேட்டரியை உருட்டுங்கள், மறுபடி செல்ஃபி எடுங்கள். இத்தனைக்குப் பிறகு உண்மையான காரணத்தைக் கேளுங்கள்: ஓவர்லே பிறக்கும்போது ஆர்சி-6 என்ற ஒரு பாஷை மட்டுமே அதற்குத் தெரியும், மைக்ரோசாஃப்டின் மீடியா சென்டர் ரிமோட்டுகள் பேசியது அது. எல்லாப் பாஷையையும் கேள் என்று கட்டளை கொடுத்தால்தான் உங்கள் டிவிடி ரிமோட்டின் பேச்சு காதில் விழும்.

அந்தப் பேச்சு பெரும்பாலும் என்இசி என்ற முறையில் இருக்கும். எனக்கு இந்த முறைமேல் தனி அபிமானம் உண்டு. ஒரு பட்டனை அமுக்கியதும் ஒன்பது மில்லிவினாடிக்கு ஒரு நீண்ட ஒளி, நாலரை மில்லிவினாடி மௌனம். தொண்டையைச் செருமிக்கொள்கிறது. பிறகு எந்தக் கருவிக்கு என்ற முகவரி, அதையே பூஜ்யம் ஒன்றாக, ஒன்று பூஜ்யமாகத் திருப்பி ஒரு தடவை; பிறகு கட்டளை, அதையும் திருப்பி ஒரு தடவை. மொத்தம் 32 பிட். ஒவ்வொரு பிட்டிலும் ஒளியின் நீளம் 560 மைக்ரோவினாடிதான். பின்னால் வரும் மௌனம் குட்டையாக இருந்தால் பூஜ்யம், நீண்டால் ஒன்று. சேதியைச் சுமப்பது ஒளியல்ல, இடையில் விடும் மௌனம். வால்யூம் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தால் மறுபடி கட்டளையைச் சொல்லாது. ‘முன் சொன்னதேதான்’ என்று ஒரு குட்டிச் சமிக்ஞையை மட்டும் நொடிக்கு ஒன்பது தடவை அனுப்பிக்கொண்டிருக்கும். முதல் கட்டளையைக் காதில் வாங்காதவருக்கு அடுத்து வரும் ‘அதேதான்’களால் பயனில்லை. நம் வீடுகளில் கூப்பிட்ட குரலுக்குப் பதில் வராதபோது நடப்பது அதுதான்.

திரையில் எண்கள் ஓடத் தொடங்கியதும் ஒவ்வொரு பட்டனாக அமுக்கி எண்ணைக் குறித்துக்கொண்டு, இந்த எண் வந்தால் இந்தக் கீ என்று ஒரு கீமேப் கோப்பு எழுத வேண்டும். முப்பது நாற்பது பட்டன் இருக்கும். எல்லாவற்றையும் எழுதுங்கள், ‘ஆங்கிள்’, ‘சப்டைட்டில்’, ‘ஏ-பி ரிப்பீட்’ எதையும் விடாதீர்கள். பிற்பாடு பயன்படப்போவது அம்புக்குறி நாலு, நடுவில் ஓகே, பின்னால் போக ஒன்று, நிறுத்த ஒன்று. நடுப் பட்டனுக்கு ஓகே என்ற கீயையே கொடுக்கக் கை பரபரக்கும். டெஸ்க்டாப்போடு பையை ஓட்டுகிறவர்கள் கையைக் கட்டுப்படுத்துங்கள். லினக்ஸில் ஓகே கீயின் எண் 352. பழைய எக்ஸ் விண்டோ முறைக்கு 255-க்கு மேல் எண்ணத் தெரியாது. ஆகவே எல்லாப் பட்டனும் வேலை செய்ய, ஓகே மட்டும் ஓகே ஆகாது. என்டர் என்று எழுதினால் சரியாகிவிடும்.

இனி ரிசீவருக்கு இடம் பார்ப்பது. பை டிவிக்குப் பின்னால் இருக்கிறது. குமிழையும் பின்னால் வைத்தால் அது சுவரைத்தான் பார்க்கும். ஜம்பர் வயரை நீட்டி டிவியின் கீழ் விளிம்பில் எட்டிப் பார்க்கும்படி ஒட்டுங்கள். எதிரே மேற்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் சாயங்காலம் நாலு மணிப் படம் ரிமோட்டுக்கு அடங்காது. வெயிலும் எலக்ட்ரானிக் சோக் போட்ட டியூப்லைட்டும் டிஎஸ்ஓபிக்கு ஆகாதவை. இரைச்சல் கூடினால் அது தன் காதைத் தானே மந்தமாக்கிக்கொள்ளும். இந்த வழக்கு ரொம்பப் பழையது. 1955-இல் அமெரிக்காவின் ஜெனித் கம்பெனிக்காக யூஜின் பாலி, ஃப்ளாஷ்-மேட்டிக் என்ற துப்பாக்கி வடிவ ரிமோட்டைச் செய்தார். டிவித் திரையின் நாலு மூலையிலும் ஒளியை உணரும் கண்கள், ரிமோட்டிலிருந்து சாதாரண வெளிச்சம். வெயில் திரையில் விழுந்தால் டிவி தானாகவே சேனல் மாற்றியது. அடுத்த வருடமே அதே கம்பெனியின் ராபர்ட் ஆட்லர் ஒளியை விட்டுவிட்டு ஒலிக்குப் போனார்: பட்டனை அமுக்கினால் உள்ளே குட்டிச் சுத்தியல் ஓர் அலுமினியத் தண்டைத் தட்டும், காதுக்குக் கேட்காத ஒலி கிளம்பும். பேட்டரியே கிடையாது. பேட்டரியை உருட்ட வேண்டிய அவசியமில்லாத அந்த ரிமோட் நம் ஊரில் எடுபட்டிருக்காது என்பது என் கணிப்பு.

எல்லாம் முடிந்தது. ரிமோட்டை அம்மா கையில் கொடுங்கள். ‘பிளே’ அமுக்குவார், படம் ஓடும். கூடவே மின்விசிறியும் வேகம் கூடினால் திகைக்க வேண்டாம். இப்போது வரும் பிஎல்டிசி ஃபேன்களுக்கும் ரிமோட் உண்டு. மலிவான ரிமோட்டுகளில் பல பூஜ்யம் என்ற ஒரே முகவரியைப் போட்டுக்கொண்டு அலைகின்றன, யார் யாருடைய கட்டளையைக் கேட்பார்கள் என்பது அவரவர் அதிர்ஷ்டம். ஃபேன் ரிமோட்டால் படம் ஓடுகிறதா என்றும் ஒரு முறை பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரிமோட் சோபா இடுக்கில் தொலைந்தால் இன்னொன்று கைகொடுக்கும்.

படம் முடிந்ததும் அம்மா சிவப்புப் பட்டனை அமுக்குவார். அதையும் கீமேப்பில் எழுதியிருக்கிறீர்களே, பை ஒழுங்காக ஷட்டவுன் ஆகும். மறுநாள் அதே சிவப்புப் பட்டனை அமுக்குவார். ஒன்றும் ஆகாது.

“என்னடா, நேத்து ஓடிச்சே?”

“எந்திரிச்சுப் போய் சுவிட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும்மா.”

“அப்புறம் எதுக்குடா இது?”

ரிசீவருக்கு மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கிறது. அது சொல்வதைக் கேட்க வேண்டிய பைதான் தூங்கிவிட்டது. பை 5-இல் பலகையிலேயே பவர் பட்டன் வைத்திருக்கிறார்கள், டிவியின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் வரை அதனால் உங்களுக்கு லாபமில்லை. பை 4 வரையிலான மாடல்களில் ஒரு சந்து உண்டு: தூங்கும் பையின் ஐந்தாம் இடத்துப் பின்னை, அதாவது ஜிபிஐஓ 3-ஐ, ஒரு கணம் கிரவுண்டோடு தொடவிட்டால் அது விழித்துக்கொள்ளும். பை தூங்கும்போதும் ஐந்து வோல்ட் பின்னில் மின்சாரம் இருக்கும். அதில் ஏடிடைனி85 என்ற எட்டுக்கால் சிப்பை மாட்டி ராத்திரி பகலாகக் காவல் வைத்து, சிவப்புப் பட்டன் வந்தால் அந்தப் பின்னைத் தொடச் சொல்லலாம். சிப்புக்குள் நிரல் ஏற்ற ஓர் ஆர்டுயினோ பலகை வேண்டும், திரும்பவும் ரிச்சி தெருதான். காவலாளிக்குக் கண் வேண்டுமே என்று யோசிக்காதீர்கள். முதல் கடைக்காரர் கொடுத்த 1738-ஐ நீங்கள் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள். ஐந்து வோல்ட்டில் ஓடும் இந்த வேலைக்கு அதுவேதான் பொருத்தம். கால் வரிசையை மட்டும் மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டு மாட்டுங்கள்.